ஈயமில்லா இணைப்பின் சோழர் காலத் தோற்றம்: ஓர் ஆய்வு

பற்றவைக்காமலே மின்சுற்றைக் கட்டிப் பார்க்க உதவும் இன்றைய ப்ரெட்போர்டை 1971இல் அமெரிக்கரான ரொனால்ட் போர்ச்சுகல் வடிவமைத்தார் என்றே எழுதிவருகிறார்கள். எழுதுபவர்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்ததில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் அங்கே வெட்டப்பட்ட, பெயரோலைகளைக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகளின்படி ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். மாணவர்கள் கையில் புழங்கும் 400 துளைப் பலகையிலும் 1 முதல் 30 வரைதான் வரிசை எண்கள். தற்செயல் என்பார்கள். ஆனால் குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. பலகையிலோ வரிசைக்கு ஐந்து துளை, அடியில் அவற்றைச் சேர்க்கும் ஒரே உலோகக் கவ்வி. நடுப்பள்ளத்தின் இருபுறமும் எண்ணினால் 60 வரிசை வருமே என்று சிலர் கிளம்பக்கூடும். இருபுறத்துக்கும் எண் ஒன்றுதான்; இதற்கு மேல் குனிந்து பார்ப்பது ஆய்வு மரபல்ல.

எண்ணிக்கை கிடக்கட்டும், கொள்கையே ஒன்றாக இருக்கிறது. ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, அமர்ந்தவருக்கு 360 நாள்தான். எழுந்தபின் மூன்றாண்டுக்கு அவர் பெயர் குடத்துக்குள் போகாது. ரெசிஸ்டருக்கும் அதே கதி: செருகினால் வேலை, பிடுங்கினால் வீடு. ஈயம் வைத்துப் பற்றவைத்த ரெசிஸ்டரோ பரம்பரைப் பதவிக்காரர், சூடு காட்டாமல் கிளம்பமாட்டார். பழைய ரேடியோ ஆர்வலர்கள் சமையலறை ரொட்டிப் பலகையில் ஆணியடித்துச் சுற்று கட்டினார்களே, அதுவல்லவா மூதாதை என்றால், ஆணியும் பரம்பரைப் பதவியே. இன்னும் வலுவான சான்று உறவுமுறை விதி. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மருமகன் வரை அத்தனை பேரும் தகுதியிழந்தார்கள். எல்.இ.டி.யின் இரண்டு காலையும் ஒரே வரிசையில் செருகிவிட்டு, பேட்டரியைச் சந்தேகிக்கும் மாணவர் இதைப் படித்திருக்க வேண்டும். அந்த ஐந்து துளையும் ஒரே குடும்பம். மின்னோட்டம் கவ்வி வழியாகவே போய்விடும், விளக்கு எரியாது.

கல்லில் வெட்டி வைத்த ஊரா கழற்றி மாட்டுவதன் தாயகம் என்பது கனமான மறுப்பு. கல்லில் நின்றது விதி, ஆள் அல்ல. பலகையிலும் அடிக்கவ்விகள் அசையா, மேலே செருகியவைதான் மாறும். தவிர, 919இல் வெட்டிய விதிகளையே இரண்டாண்டில் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள்; இது ப்ரோட்டோடைப் அல்லாமல் வேறென்ன? எல்லாருக்கும் இடமிருந்ததா என்றால், இல்லை. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர் பெயரை ஓலையில் எழுதவே இல்லை. பலகையும் 22 கேஜ் ஒற்றைக் கம்பியைத்தான் உள்ளே விடும்; முறுக்குக் கம்பியைக் கொண்டுபோனால் இழை இழையாகப் பிரிந்து வாசலிலேயே மடங்கும். இந்த விஷயத்தில் ஊர்ச் சபையையும் பலகையையும் பாராட்ட முடியவில்லை.

லூஸ் கான்டாக்ட் மட்டும் பாக்கி. பலமுறை செருகிப் பிடுங்கிய கவ்வி தளர்ந்துபோகிறது. கம்பியைத் தொட்டால் விளக்கு எரிகிறது, கையை எடுத்தால் அணைகிறது. மூன்றாண்டு ஓய்வு விதியை இங்கே நீட்டிப் பயனில்லை, தளர்ந்த உலோகம் ஓய்வில் இறுகாது. பொருந்துவது வயது வரம்புதான்: 35க்கு மேல், 70க்குள். அந்தத் துளையை 70 கடந்ததாக வைத்து, மார்க்கரால் ஒரு புள்ளியிட்டு, பக்கத்துத் துளைக்குப் போய்விடலாம்.