கோதாவில் ஒரு வாக்குமூலம்

வரி வசூலிக்கும் இலாகா ஒன்றில் குமாஸ்தாவாகப் புகுந்து, தலை நரைத்து, மூக்குக் கண்ணாடியின் கனம் ஏறி, கடைசியில் ஒரு சந்தன மாலையும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் என்ற முறையில், வரியிலிருந்து தப்புவதற்காக மனிதர்கள் சொல்லும் பொய்களைப் பற்றி எனக்குச் சிறிது பாண்டித்தியம் உண்டு என்று சொல்லிக்கொள்வது தற்புகழ்ச்சி ஆகாது. கடையில் தீப்பிடித்ததில் மற்றெல்லாம் தப்பிக் கணக்குப் புத்தகம் மட்டும் சாம்பலாகிவிட்டது என்று கண்ணீர் விட்டவர்களையும், பத்து வருஷத்துக்கு முன் காலமான பாகஸ்தர் நேற்றுத்தான் சரக்கை எடுத்துப் போனார் என்று கற்பூரம் அடிக்கத் தயாராக இருந்தவர்களையும் கண்ணாரக் கண்டவன் நான். ஆனால் வரிக்குப் பயந்து உண்மையைச் சொன்னார் என்று ஒரு மனிதரைப் பற்றியாவது என் உத்தியோக காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த அபூர்வமான காரியத்தைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவில் குஸ்தி வியாபாரம் நடத்தும் கனவான்கள்.

அது நடந்தது 1989-ம் வருஷம் பிப்ரவரி மாதம். நியூ ஜெர்சி மாகாணத்தில் அதுகாறும் குத்துச்சண்டைக்கு உள்ள சட்டதிட்டங்கள் குஸ்திக்கும் இருந்துவந்தன: கோதாவில் இறங்குகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், பக்கத்தில் டாக்டர் வேண்டும், டெலிவிஷன் ஒளிபரப்பின் வருமானத்தில் சர்க்காருக்குப் பங்கு வேண்டும். வின்ஸ் மக்மஹன் என்ற முதலாளியின் வேர்ல்ட் ரெஸ்லிங் ஃபெடரேஷன், இந்தத் தொல்லைகளிலிருந்து விடுபட வழி தேடி, சட்டசபைக்கே சென்று, “ஐயா, எங்களுடையது போட்டியே அல்ல, பார்க்க வந்தவர்களை மகிழ்விப்பதற்காக நடத்தும் கேளிக்கை” என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டது. செனட்டர்களும் அதை ஏற்றுக்கொண்டு, கட்டுப்பாட்டை நீக்க வாக்களித்தார்கள். இதே வாக்குமூலத்தை அவர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்து கொடுத்திருந்தால், “கேளிக்கையா? அப்படியானால் கேளிக்கை வரி கட்டும்!” என்று அந்த நிமிஷமே நோட்டீஸ் கொடுத்து அனுப்பியிருப்போம், தேசத்துக்குத் தேசம் சட்டம் வேறு அல்லவா?

வேறு எந்த வியாபாரியாவது தன் சரக்கு அசல் அல்ல என்று சட்டசபையில் ஒப்புக்கொண்டிருந்தால், மறுநாள் கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பியிருப்பான். இந்தக் கம்பெனியோ அடுத்த பத்து வருஷத்தில், 1999-ம் வருஷம், பங்குச் சந்தையில் கம்பீரமாக நுழைந்து, பொதுஜனங்களிடமிருந்து கோடிக்கணக்கான டாலரைத் திரட்டிற்று. பொய் என்று தெரிந்த பிறகும் ஜனங்கள் ஏன் காசு கொடுத்தார்கள் என்று யோசிக்கும்போது, நிஜ மல்யுத்தத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1916-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, ஒமாஹா நகரில், ஜோ ஸ்டெக்கர் என்பவரும் எட் லூயிஸ் என்பவரும் கோதாவில் இறங்கினார்கள். பிடித்தார்கள், பிடித்த பிடியை விடாமல் நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். சுமார் ஐந்து மணி நேரம் கழித்து, யாரும் ஜெயிக்கவில்லை என்ற தீர்ப்போடு ஆட்டம் முடிந்தது. இரண்டு பலசாலிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதைக் கோடை வெயிலில் டிக்கெட் வாங்கிப் பார்த்த ரசிகர்களின் பொறுமைக்குச் சிலை வைத்தாலும் தகும். இந்த அனுபவத்தை அந்த லூயிஸ் வீணாக்கவில்லை. 1920-களில் அவரும், அவருடைய மானேஜர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்ற யுக்திசாலியும் சேர்ந்து, ஆட்டத்துக்குக் கால வரம்பு வைத்து, தூக்கி எறிவது முதலிய விசேஷங்களைச் சேர்த்து, முடிவையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடும் சம்பிரதாயத்தை நிலைநாட்டினார்கள்.

டெலிவிஷன் வந்ததும் இந்தக் கலைக்கு யோகம் அடித்தது. கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற ஆசாமி தலைமயிரைப் பொன்னிறமாக்கிச் சுருள் சுருளாக விட்டுக்கொண்டு, பளபளக்கும் அங்கி தரித்து, வாத்திய கோஷத்தோடு கோதாவுக்கு எழுந்தருளுவார். அவருக்கு முன்னால் ஒரு பணியாள் சென்று, எதிரி நிற்கும் மூலை உள்படச் சகல இடங்களிலும் வாசனைத் திரவியம் தெளித்துச் சுத்தி செய்வான். அவரோ தம் கூந்தலிலிருந்து தங்க முலாம் பூசிய ஊசிகளை எடுத்துக் கூட்டத்தில் வீசுவார். ஜனங்கள் அவரை அளவின்றி வெறுத்தார்கள். அந்த வெறுப்பைச் செலவழிப்பதற்காகவே மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள். ஒருவனைப் பூஜிப்பதற்குக் கொடுக்கும் காசைவிட, அவன் உதைபடுவதைப் பார்ப்பதற்கு மனிதன் தாராளமாகக் கொடுப்பான் என்ற பொருளாதாரத் தத்துவம் அன்றைக்கே ருசுவாகிவிட்டது.

இத்தனைக்கும் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை வெளியில் சொல்வது மகாபாதகமாகக் கருதப்பட்டது. 1984-ம் வருஷம் ஜான் ஸ்டாஸல் என்ற டெலிவிஷன் நிருபர், டேவிட் ஷுல்ட்ஸ் என்ற பயில்வானிடம் மைக்கை நீட்டி, இதெல்லாம் பொய் என்று நினைக்கிறேன் என்றார். பயில்வான் காமிராவுக்கு முன்பாகவே அவருடைய காதைச் சேர்த்து ஓர் அறை விட்டு, அது பொய்யா என்று கேட்டு, சந்தேகம் தீர இன்னொரு காதிலும் ஒன்று கொடுத்தார். தர்க்க சாஸ்திரத்தில் பிரத்தியட்சப் பிரமாணம் என்பது இதுதான். நிருபர் பிறகு வழக்குத் தொடர்ந்து நஷ்டஈடு பெற்றார்.

இதைவிடப் பெரிய அனர்த்தம் 1987-ம் வருஷம் நேர்ந்தது. அமெரிக்கக் கொடியும் கட்டையுமாய் வரும் தேசபக்தர் ஜிம் டக்கன் ஒரு பக்கம். அமெரிக்காவைத் தூற்றுவதற்கென்றே கோதாவில் தோன்றும் ஈரானியப் பயில்வான் அயர்ன் ஷேக் மறு பக்கம். ஜன்மப் பகைவர்களான இந்த இருவரும், அதே நியூ ஜெர்சியில், ஒரே காரில் சிநேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது போலீஸார் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டுப் போதைப் பொருளுக்காகக் கைது செய்தார்கள். கம்பெனிக்கு மூர்ச்சை போட்டுவிட்டது. போதைப் பொருள் கிடைத்தது இரண்டாவது விஷயம். தேசபக்தனும் தேசத்துரோகியும் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு பிரயாணம் செய்தது அம்பலமானதே முதல் குற்றம். இருவருக்கும் உடனே வேலை போயிற்று.

வில்லன்களை உற்பத்தி செய்வதில் இந்த வியாபாரம் அந்நிய நாட்டு இலாகாவையே தோற்கடித்துவிடும். யாரோடு அமெரிக்க சர்க்காருக்குப் பகையோ, அந்தத் தேசத்துப் பயில்வான் கோதாவில் ஆஜர். நிகோலாய் வோல்காஃப் என்பவர் ஆட்டத்துக்கு முன் சோவியத் தேசிய கீதத்தை முழுவதும் பாடி, சபையோரின் வசவுகளைச் சம்பாதித்துக்கொள்வார். அவர் பிறந்தது யுகோஸ்லாவியாவில். கம்யூனிஸ்ட் ஆட்சி பிடிக்காமல் அங்கிருந்து தப்பி வந்தவர். எதை விட்டு ஓடிவந்தாரோ அதன் புகழைப் பாடித்தான் பிழைக்க வேண்டும் என்று அவர் தலையில் எழுதியிருந்தது.

எங்கள் வீட்டில் இந்த ஆட்டத்தின் பரம ரசிகை என் அத்தை. கேபிள் டிவி வந்த புதிதில், இரவுச் சாப்பாடானதும் ஜபமாலையும் கையுமாக ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பாள். இங்கிலீஷில் ஓர் அட்சரம் தெரியாது. ஆனால் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதில் ஒருநாளும் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. ரெஃப்ரீ அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் சமயம் பார்த்து ஒருவன் இரும்பு நாற்காலியால் எதிரியின் முதுகில் போடுவான், அத்தை ஜபத்தை நிறுத்திவிட்டு, “ஏண்டா, அந்தக் கோடு போட்ட சட்டைக்காரன் எத்தனை நாளாய் இந்த வேலை பார்க்கிறான்? பின்னாலே சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கணும்னு தெரியாதா? இவனுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறா?” என்பாள். கெட்டவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவரேதான் இவனுக்கும் கொடுக்கிறார் என்று நான் விளக்கியபோது, “அதுதானே பார்த்தேன், ரெண்டு பேரும் கூட்டு!” என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் ஏற்பாடுதானே என்று அத்தையிடம் வாதாடப்போன மருமகப்பிள்ளைகளுக்கு அவள் சொன்ன பதிலை இன்றுவரை எந்தப் பண்டிதரும் மிஞ்சவில்லை. “எங்க ஊர் திரௌபதியம்மன் கோயில்லே வருஷா வருஷம் துரியோதனன் படுகளம் நடக்கிறது. இந்த வருஷம் அவன் ஜெயிச்சுடுவானோன்னு பார்க்கவா ஜனங்க வண்டி கட்டிண்டு வரா?” என்றாள். வாஸ்தவந்தான். கண்ணன் தொடையைத் தட்டிக் காட்ட, வீமன் கதாயுத்த விதிக்கு விரோதமாக இடுப்புக்குக் கீழே அடித்து வீழ்த்திய அந்தச் சண்டையில், ரெஃப்ரீயின் கண் தப்பிச் செய்யும் காரியம் நல்லவன் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றைய அமெரிக்கப் பயில்வானும் எதிரியை உதைக்கும்போது ஓசை பலமாகக் கேட்பதற்காகத் தன் தொடையைத்தான் தட்டிக்கொள்கிறான்.

பிள்ளைகளின் பக்தி வேறு மாதிரி. டிரம்ப் கார்டு என்ற சீட்டுக் கட்டில் பயில்வானின் உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு எல்லாம் அச்சிட்டிருக்கும். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் பையனுக்கு அந்த அளவுகளில் ஒரு பவுண்டு பிசகாது. அண்டர்டேக்கர் என்ற பயில்வானுக்கு ஏழு உயிர் என்பதும், அவர் செத்துச் செத்துப் பிழைக்கிறார் என்பதும் எங்கள் தெருவில் சர்வ நிச்சயமான உண்மைகள். ரெஸில்மேனியா என்னும் வருஷாந்திர உற்சவத்தில் இருபத்தொரு தடவை தோற்காமலிருந்த அந்த மகானுபாவர், 2014-ம் வருஷம் நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னரிடம் தோற்றபோது, சபை முழுவதும் வாயடைத்துப் போயிற்று. யாரோ எழுதிவைத்த முடிவு என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். துக்கம் மட்டும் யாரும் எழுதிக்கொடுத்ததல்ல.

கணக்குப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கம்பெனியின் கணக்குகளும் ஓர் இன்பமே. எங்கள் ஊரில் சினிமாக் கொட்டகைக்காரர் ஆயிரம் தலையை அறுநூறு என்று எழுதுவார். இவர்களோ, 1987-ம் வருஷம் பான்டியாக் நகரில் ஹல்க் ஹோகன், ராட்சச ஆகிருதி படைத்த ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டதைப் பார்க்க 93,173 பேர் வந்ததாகப் பறைசாற்றினார்கள். எழுபத்தெட்டாயிரத்துக்கு மேல் இராது என்று விவரம் அறிந்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தலையைக் கூட்டிக் காட்டும் கொட்டகைக்காரரை அன்றுவரை நான் அறியேன். எந்தப் பயில்வானாலும் அசைக்க முடியாத இந்தக் கம்பெனியை 2002-ம் வருஷம் ஒரு பாண்டா கரடி வீழ்த்தியதும் சரித்திரம். டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அதே மூன்று எழுத்துக்களைப் பெயராகவும் பாண்டாவைச் சின்னமாகவும் கொண்ட வனவிலங்குப் பாதுகாப்பு ஸ்தாபனம் வழக்காடி ஜெயிக்க, இவர்கள் பெயரை டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 2023-ல் இந்தக் கம்பெனியையும், நிஜமாகவே அடித்துக்கொள்ளும் சண்டைகளை நடத்தும் யூ.எஃப்.சி. என்ற கம்பெனியையும் டி.கே.ஓ. என்ற ஒரே பெயரில் இணைத்தார்கள். அப்போது போட்ட மதிப்பு: நிஜச் சண்டைக்கு 1,210 கோடி டாலர், பாவனைச் சண்டைக்கு 930 கோடி டாலர். சத்தியத்துக்கும் அசத்தியத்துக்கும் சந்தையில் உள்ள வித்தியாசம் இவ்வளவே என்பதை வேதாந்திகள் கவனிக்க வேண்டும். 2025 முதல் வாராந்தர ஆட்டத்தை ஒளிபரப்புவதற்கு நெட்ஃபிளிக்ஸ் பத்து வருஷத்துக்கு ஒப்புக்கொண்ட தொகையோ 500 கோடி டாலருக்கு மேல்.

கோதாவில் தேறியவர்கள் அரசியலிலும் தேறுகிறார்கள். முன்னாள் பயில்வான் ஜெஸ்ஸி வென்ச்சுரா மின்னசோட்டா மாகாணத்துக்குக் கவர்னரானார். 2007-ல் கோதாவில் நின்று முதலாளி மக்மஹனின் தலையை மொட்டையடித்த டொனால்ட் டிரம்ப் பிறகு ஜனாதிபதியானார். மொட்டையடிக்கப்பட்டவரின் மனைவி லிண்டா மக்மஹனை 2025-ல் கல்வி மந்திரியாகவும் நியமித்தார்.

எல்லாம் பாவனை என்றேன். வலி மட்டும் பாவனை அல்ல. கோதாவின் விரிப்புக்கு அடியில் இருப்பது மெல்லிய பஞ்சும் மரப்பலகையும் இரும்புச் சட்டமும்தான். முடிவு நிச்சயிக்கப்பட்டிருக்கிறது என்பதற்காகப் பூமியின் ஆகர்ஷண சக்தி தாட்சண்யம் காட்டுவதில்லை. 1998-ல் பிட்ஸ்பர்க்கில் பதினாறு அடி உயரக் கூண்டின் மேலிருந்து எறியப்பட்ட மிக் ஃபோலி, சற்று நேரத்தில் மறுபடி மேலேறி, கூரை பிய்ந்து இரண்டாவது தடவையும் விழுந்தார்; உடைந்த அவருடைய பல் மூக்கினுள் போய்ச் செருகிக்கொண்டது. 1999-ல் கான்ஸஸ் நகரில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டிய ஓவன் ஹார்ட், பிடிப்பு கழன்று விழுந்து உயிரை விட்டார். அன்றிரவு ஆட்டம் நிற்கவில்லை. குடும்பத்தார் வழக்காடி, 1 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

எந்த ஊரில் யாரிடம் தோற்க வேண்டும், எப்போது அழ வேண்டும் என்பது வரை கம்பெனி சொல்லுகிறபடி செய்யும் இந்தப் பயில்வான்கள், கம்பெனியின் சிப்பந்திகள் அல்லராம், சுதந்திரமான ஒப்பந்தக்காரர்களாம். கோதாவில் பட்ட காயத்துக்குச் சிகிச்சை உண்டு. மற்றபடி ஒரு சாதாரண குமாஸ்தாவுக்குக் கிடைக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் அவர்களுக்கு இல்லை. குஸ்தி முழுவதிலும் எனக்கு நம்ப முடியாத பொய் இது ஒன்றுதான். ஆகவே, அன்பர்களே, டெலிவிஷனில் ஒரு பயில்வான் தலைகீழாக விழும்போது, பக்கத்தில் உட்கார்ந்து ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் பார்த்து, “இதெல்லாம் பொய்தானே?” என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்குத் தெரியும். விழுந்தவனுக்கு வயதானால் யார் சோறு போடுவது என்று கம்பெனியைக் கேளுங்கள்.