பள்ளிக்கூடத்தில் குடித்தனம்

கேள்வி: மேலைநாடுகளில் பழைய ஒற்றையறைப் பள்ளிக்கூடங்களை விலைக்கு வாங்கி வீடாக்கிக் குடியேறுகிறார்களாமே! பீங்கானுக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலம் பக்கத்தில் அப்படி வீடுகள் உண்டா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: தமிழ்நாட்டில் கதை தலைகீழாக நடந்தது, இங்கே பள்ளி வீடாகவில்லை, வீடுதான் முதலில் பள்ளியானது. வீட்டு வாசலை ஒட்டி வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய மேடையான திண்ணையில், ஒரே ஆசிரியர் பல வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, மணலில் விரலால் எழுத்தும், எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலால் கணக்கும் கற்பித்ததே திண்ணைப் பள்ளிக்கூடம். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் இத்தகைய நாட்டுப் பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களுமாக 12,498 இருந்ததாகக் கூறுகிறது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை ஒத்த முறையைச் சென்னை எழும்பூரில் நடைமுறைப்படுத்திய ஆண்ட்ரூ பெல், 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட, அது 'சென்னை முறை' என்றே இங்கிலாந்தில் பரவியது. மேலைநாட்டு ஒற்றையறைப் பள்ளிகள் சிலவற்றுக்கு நம் திண்ணை தூரத்து உறவு என்று துணிந்து சொல்லலாம். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை என்பது ஆறாத குறை.

அரசுப் பள்ளிகள் பெருகியதும் பிள்ளைகள் எழுந்து போனார்கள். திண்ணை மறுபடி வீட்டுக்கே சொந்தமாயிற்று. ஆகவே, திண்ணை வைத்த பழைய வீடு விருத்தாசலத்தில் இருந்தால், அதை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்குமுன், அங்கே பாடம் நடந்ததா என்று தெருவின் முதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.