எட்டு பிளக்கும் ஒரு மாமனாரும்

ஊரிலிருந்து வருகிற சொந்தபந்தங்களையெல்லாம் பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போகவென்றே வாங்கிய வண்டி. 2006 மாடல், எட்டுப் பேர் உட்காரலாம், 5.4 லிட்டர் வி8 இஞ்சின். கம்பெனி பேர் வேண்டாம். ஹூஸ்டனில் பாதிப் பேர் அதைத்தான் ஓட்டுகிறார்கள், வருத்தப்படுவார்கள்.

இந்த இஞ்சினுக்கு ஒரு கீர்த்தி உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பாதிதான் கைக்கு வரும். மற்ற வண்டிகளில் பிளக்கின் இரும்பு உடம்பு ஒரே துண்டு. இதில் இரண்டு துண்டை அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். அடித்துண்டு மெல்லிசான நீளக் குழாய், சிலிண்டர் ஹெட்டுக்குள் ஆழமாக இறங்கி உட்கார்ந்திருக்கும். ஓட ஓட அதைச் சுற்றிக் கரி ஏறும். லட்சம் மைல் வரை பிளக்கைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி விற்றார்கள், யாரும் தொடவில்லை. அதற்குள் கரி பட்டா வாங்கிவிடுகிறது. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் மேல்துண்டு மட்டும் சமர்த்தாக வெளியே வரும்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். எட்டு பிளக் மாற்ற ஒரு ரேட், உடைந்ததை எடுக்கத் துண்டுக்கு இவ்வளவு என்று இன்னொரு ரேட். ‘உடைந்தால்’ என்று கூட அவர் சொல்லவில்லை, ‘உடைந்ததை’ என்றார். நானே மாற்றிவிடுகிறேன் என்று வீரமாக வந்துவிட்டேன்.

வீட்டில் மாமனார் இருந்தார். திருநெல்வேலியில் வெகுகாலம் அம்பாசடர் வைத்திருந்தவர். “பிளக்குதானே மாப்ள? கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஊதி மாட்டுனா முடிஞ்சுது. காப்பி ஆறுறதுக்குள்ள நான் மாட்டிருவேன்.” அம்பாசடரில் நாலே பிளக், அதுவும் இஞ்சினுக்குப் பக்கவாட்டில் ‘என்னைக் கழற்று’ என்று நீட்டிக்கொண்டு நிற்கும். இங்கே காயிலைப் பிடுங்கினால் கீழே கிணறு. பின்னால் இருப்பவை முன்கண்ணாடிக்கு அடியில், தலையை விட்டால் கை நுழையாது, கையை விட்டால் தலை நுழையாது.

கழற்ற ஒரு முறை இருக்கிறது. இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி 15 நிமிடமாவது ஊறவிட வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து, இறுகினால் மறுபடி ஊற்றி, மறுபடி காத்திருந்து... மைக்ரோவேவில் கடைசிப் பத்து நொடி பொறுக்காமல் கதவைத் திறக்கிற ஆள் நான்.

மாமனார் காரேஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு அசைப்புக்கும் பிளக் கிறீச்சென்று கத்தும். அவர் “ம்” என்பார். பக்கத்து வீட்டு டெக்சாஸ் பெரியவர் எட்டிப் பார்த்தார், எந்த இஞ்சின் என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஏதோ ஒரு பிளக் அசையவே மாட்டேன் என்றது. ஊறட்டும் என்றேன். “ஊறுறதுக்கு அது என்ன உளுந்தா? ஒரு அழுத்து அழுத்துங்க மாப்ள!” மாமனார் சொல்லைத் தட்டலாமா? அழுத்தினேன். டொக். மேல்துண்டை எடுத்துப் பார்த்தேன். கரியும் எண்ணெயுமாக இருந்த பிளக்கில், அறுந்த விளிம்பு மட்டும் புது வெள்ளி போல் மின்னியது.

அதை எடுக்கவென்றே ஒரு கருவி உண்டு. உடைந்த பீங்கானை உள்ளே தள்ளி, குழாய்க்குள் மரை வெட்டி, கவ்வி இழுக்கும். பார்ட்ஸ் கடையில் முழு விலையையும் டெபாசிட்டாகக் கட்டினால் இரவல் கொடுப்பார்கள். நான் வாயைத் திறக்குமுன், என் சட்டையையும் முகத்தையும் பார்த்தே அந்தப் பையன் கருவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டான். அவனுக்கு அது தினசரி பால் பாக்கெட் வியாபாரம் போலிருக்கிறது.

துண்டு வெளியே வந்தது. புதிதாகப் போட்டவை ஒரே துண்டு உடம்புள்ளவை. அடிக்குழாயில் நிக்கல் பசை தடவி (மரையில் படக் கூடாது) மாட்டி முடித்தேன். வண்டி முனகாமல் கிளம்பியது.

அன்று இரவு மாமனார் திருநெல்வேலிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“மொத்தம் எட்டு பிளக்குடே. நான் பக்கத்துல உக்காந்திருந்த வரைக்கும் ஏழும் முழுசா வந்துட்டு. நான் பாத்ரூம் போன நேரம் பாத்து மாப்ள ஒண்ணை உடைச்சுட்டாரு.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.