குழற்கசடு: ஒரு மும்மல விசாரணை

ஷாட்கன் எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கி, ஒற்றைக் குண்டைச் செலுத்தாமல் நூற்றுக்கணக்கான ஈயச் சிறுகுண்டுகளை ஒருங்கே வீசும் கருவியாகும். பறவைகளையும், களிமண் என்று பெயர் பெற்றிருந்தும் தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து வார்க்கப்படும் பறக்கும் தட்டுகளையும் சுடுவதற்கென இங்கிலாந்தின் நாட்டுப்புற இல்லங்களில் பேணப்படும் இக்கருவியின் குழலுள், சுடுந்தோறும் படிந்து இறுகும் கசடு எத்தன்மையது, அது ஏன் எளிதில் நீங்குவதில்லை, அதற்கு ஏற்றிச் சொல்லப்படும் பிடிவாதம் உண்மையில் கசடினுடையதா அன்றித் துடைப்பவருடையதா என்னும் மூன்று வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஃபெசன்ட் வேட்டைப் பருவம் பிப்ரவரி 1ஆம் நாள் முடிவுற்றதும் வீடுதோறும் எழும் இவ்விசாரணைக்கு மெய்யியலில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

முதலில் களம். குழலின் அளவைக் குறிக்கும் எண், ஒரு பவுண்டு ஈயத்தை அத்தனை சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு அமையும் விட்டத்தைக் குறிப்பது. ஆகவே 12 என்னும் அளவுடைய குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டராகவும், 20 என்பது அதைவிடக் குறுகியதாகவும் அமைய, எண் பெருகப் பெருகப் பொருள் சிறுக்கும் இம்முறை புதிதாகக் கற்போரை முதல் நாளிலேயே பணிவுள்ளவராக்கிவிடுகிறது. துப்பாக்கியை மடக்கித் திறந்தால் தெரியும் பின்முனையில் தோட்டா அமரும் அறை, அதை அடுத்து, அகன்ற அறை குறுகிய குழலாக மாறும் கூம்புப் பகுதி, பின் நெடுங்குழல், இறுதியில் குண்டுகள் மிகுதியாகச் சிதறாவண்ணம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவோ அதை ஒட்டியோ இறுக்கப்பட்ட வாய்ப்பகுதி, இதுவே சோக் எனப்படுவது. ரைஃபிளின் குழலில் உள்ளது போன்ற திருகுவரிகள் இதில் இல்லையாதலால் கசடு ஒளிந்துகொள்ள இடமின்றி வழவழப்பாக இருக்கும் என்று கருதுவோர் உளர். கசடு ஒளிவதில்லை என்பது மெய்தான்; அது கூம்பிலும் சோக்கிலும் எல்லோரும் காணவே அமர்ந்திருக்கிறது.

உயிரைப் பற்றிய மலங்கள் ஆணவம், கன்மம், மாயை என மூன்றெனக் கொள்ளும் சைவ சித்தாந்தம், அவற்றுள் ஆணவத்தைச் செம்பில் ஊறிய களிம்புக்கு ஒப்பிடும். குழலைப் பற்றிய மலங்களும் மூன்றே: எரிந்த மருந்தின் கரி, குண்டுகள் உரசிவிட்டுச் செல்லும் ஈயம், குண்டுகளுக்கும் மருந்துக்கும் இடையே வைக்கப்படும் அடைப்பிலிருந்து உருகி ஒட்டும் பிளாஸ்டிக். இவற்றுள் எது ஆணவம் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டாயினும், அதிகம் மினுக்கித் தன்னைக் குழலின் இயல்பான பளபளப்பாகவே காட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்குக்கே அப்பெயர் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முன்னோர்க்கு இத்துன்பம் இருந்ததில்லை. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விகிதத்தில் கலந்த கருமருந்து, எரிந்த பின் தன் எடையில் பாதிக்கும் மேற்பட்டதைத் திடப்பொருளாக விட்டுச்சென்றது. குழல் விரைவில் அழுக்கடைந்தது. ஆயினும் அவ்வழுக்கின் பெரும்பகுதி நீரில் கரையும் உப்புகளாதலால் ஒரு கெண்டி வெந்நீரே அதற்குப் போதுமானதாயிற்று. 1884இல் பிரான்சின் போல் வியே புகையற்ற மருந்தை உருவாக்கிய பின் கசடின் அளவு வெகுவாகக் குறைந்தது, ஆனால் எஞ்சிய கரி நீருக்கு அசையாததாயிற்று. எனினும் அக்காலத்துத் தோட்டாக்களின் அடியில் தீப்பொறி எழுப்பும் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தமையின், அது எரிந்து விடும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவாக்க, வெந்நீர் மேலும் சில பத்தாண்டுகள் தன் பதவியில் நீடித்தது. இன்றைய கேப்புகள் அவ்வுப்பை விடுவதில்லை. இருந்தும் கொதிநீர் ஊற்றாத குழல் குழலன்று என்று கூறும் பெரியவர்கள் இன்றும் உளர். காரணம் மறைந்த பின்னும் சடங்கு நிலைப்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

1960களில் கிண்ண வடிவப் பிளாஸ்டிக் அடைப்பு பரவலானபோது, ஈயக் குண்டுகள் குழற்சுவரைத் தொடாமலே அக்கிண்ணத்துள் அமர்ந்து செல்லுமாதலின் கசடுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கத் தக்கதாயிருந்தது. ஈயம் ஒட்டுவது குறைந்தது. கிண்ணம் ஒட்டத் தொடங்கியது. வயலெங்கும் பிளாஸ்டிக் சிதறுவதை விரும்பாத நிலவுடைமையாளர்கள் நார் அடைப்பையே பயன்படுத்தப் பணித்தபோது பிளாஸ்டிக் ஒட்டுவது நின்றது. நார் அடைப்பு குண்டுகளைச் சூழ்ந்து காவாதாகையால் ஈயம் மீண்டும் ஒட்டியது. ஆக, சுடுபவருக்கு உள்ள உரிமை கசடின்றி வாழ்வதன்று, எக்கசடோடு வாழ்வது என்று தெரிந்தெடுப்பது மட்டுமே.

பிடிவாதத்தின் மூலகாரணம் இங்குதான் உள்ளது. முதல் சுடலில் படிந்த கரியின்மேல் அடுத்ததன் பிளாஸ்டிக் பூசப்பட, அதன்மேல் மீண்டும் கரி படிய, ஒவ்வொரு சுடலின் வெப்பமும் அழுத்தமும் முந்தைய அடுக்கைச் சுட்டு இறுக்கிவிடுகின்றன. கரியைக் கரைக்கும் திரவம் மேலடுக்கைக் கரைத்துவிட்டுப் பிளாஸ்டிக்கின் முன் நின்றுவிடுகிறது. துடைப்பவரோ வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளிவரக் கண்டு, பணி முடிந்ததென்று துப்பாக்கியைப் பெட்டகத்துள் பூட்டிவிடுகிறார்.

இனிப் பிறர் மதம் கூறி மறுத்தல். ஊறல் மதத்தினர், ஃபிராங்க் ஆகஸ்ட் ஹோப்பே 1903இல் உருவாக்கிய ஒன்பதாம் எண் கரைப்பானையோ, ஜெர்மனியில் 1904இல் தோன்றிய பாலிஸ்டால் எண்ணெயையோ ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் எல்லாம் தானே நீங்கும் என்பர். அது பொருந்தாது, அடைப்புகள் செய்யப்படும் பாலிஎத்திலீன் அறை வெப்பநிலையில் வழக்கமான எக்கரைப்பானிலும் கரைவதில்லை. அத்திரவங்கள் செய்வதெல்லாம் விளிம்பு வழியே அடியில் ஊடுருவிப் பிடியைத் தளர்த்துவதே. உரசல் மதத்தினர், நான்கு சுழி எண்ணிட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லைப் பழைய பிரஷில் சுற்றி, அதை மின்சார டிரில்லில் பூட்டிச் சுழற்றுவர். இதனால் கசடு நீங்கும் என்பதை மறுப்பதற்கில்லை; ஆனால் டிரில்லைக் கையில் எடுத்தவர் எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதை அம்மதம் வரையறுக்கவில்லை. பாதரசத்தைக் குழலுள் ஊற்றி ஈயத்தோடு இரசக்கலவையாக்கி வெளியேற்றிய பழைய மதமும் ஒன்றுண்டு. அதைப் பின்பற்றுவோர் குழலினும் தாமே முதலில் தேய்வராதலால் அது விரிவான மறுப்புக்குத் தகுதியுடையதன்று.

சித்தாந்தம் வருமாறு. துப்பாக்கியைத் திறந்து இரு அறைகளிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே எதையும் தொடங்க வேண்டும். இதற்கு மாற்றுக் கருத்தில்லை. குழலைக் கழற்றி, உலர்ந்த துணியைத் தண்டால் பின்முனையிலிருந்து வாய்நோக்கித் தள்ளித் தளர்ந்த கரியை முதலில் அகற்றி, பின் கரைப்பான் பூசி, கால் மணி நேரமாவது அதைத் தொடாதிருக்க வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இக்கால் மணி நேரத்தில்தான். அதன்பின், எஃகினும் மென்மையானதாகையால் குழலைக் கீறாத பாஸ்பர் வெண்கலப் பிரஷைக் குழல் முழுதும் செலுத்தி, வாய்வழி முற்றும் வெளிவந்த பிறகே திருப்பியிழுத்து, கூம்பிலும் சோக்கிலும் மிகுதியாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். துணியில் கருமையோடு பட்டை பட்டையாகப் பிளாஸ்டிக் இழைகளும் சாம்பல்நிற ஈயச் சீவல்களும் வருமாயின் அடுக்குகள் பெயர்கின்றன என்பது பொருள். ஆகவே மீண்டும் கரைப்பான், மீண்டும் காத்தல், மீண்டும் பிரஷ்.

இங்கு ஓர் ஐயம் எழும். செப்புக் கசடை நீக்கவென ரைஃபிளுக்குச் செய்யப்பட்ட அம்மோனியா கலந்த கரைப்பானைப் பயன்படுத்துவோர், எத்தனை முறை துடைத்தும் துணியில் நீலப்பச்சைக் கறை வந்துகொண்டே இருப்பதாக முறையிடுவர். ஈயக் குண்டு செல்லும் குழலில் செம்பு எங்கிருந்து வந்தது? பிரஷிலிருந்துதான். கரைப்பான் வெண்கலத்தில் உள்ள செம்பைக் கரைக்கிறது. துடைக்கும் கருவியே கறையை உண்டாக்க, அக்கறையை நீக்க அக்கருவியே மேலும் உழைக்கிறது. செம்பிற் களிம்பு என்னும் பழைய உவமை எதிர்பாராத இடத்தில் மெய்யாகிறது.

குழல் தூயதா என்பதை அறிய அதை நேரே வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பது பயனற்றது. எண்ணெய்ப் படலம் எல்லாக் குழலையும் கண்ணாடியாக்கிவிடும். எண்ணெயை முற்றும் துடைத்து, ஜன்னல் சட்டத்தின் விளிம்புக்குச் சற்றே சாய்த்துப் பார்த்தால் எஞ்சிய கசடு மங்கிய திட்டுகளாகத் தோன்றும். அவற்றால் குறி தவறாது. சிறிதளவு பிளாஸ்டிக் ஒட்டிய குழலுக்கும் ஒட்டாத குழலுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஃபெசன்டும் உணர்வதில்லை. தீங்கு வேறிடத்தது, அத்திட்டுகளின் அடியில் ஈரம் தங்கி, துரு குழி பறித்துவிட்டால் அதற்குத் துணியும் பிரஷும் மருந்தாகா, குழலைக் கடைந்து சுவரை மெலிவிக்கும் துப்பாக்கிச் செப்பனிடுபவரிடமே செல்ல நேரும். எனவே முடிவில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்றை இட்டு, மிகுந்த எண்ணெய் வழிந்து மரக்கட்டையை ஊறவைக்காதபடி குழல்வாய் கீழ்நோக்க வைக்க வேண்டும்.

குழலைத் துடைத்த துணியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடுப்படிப் பக்கம் கொண்டுவராதிருக்க. அதில் இருப்பது ஈயம். சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே தேநீர்க் கோப்பையைத் தொடுக.