தகடூரில் சமுத்திரம் உறையும் காலம்: ஒரு விசாரம்

எந்தத் திசையில் புறப்பட்டாலும் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போனாலன்றிக் கடலைக் காண முடியாததும், கடல்மட்டத்துக்கு நானூறு மீட்டருக்கு மேலே அமைந்ததும், ஒகேனக்கல்லில் பரிசல் துறையருகே மசாலா தடவி வறுத்துத் தருவதே மீன் என்று தலைமுறைகளாக நம்பி வந்ததுமான, தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தருமபுரியில், என் மைத்துனர் தம் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கொள்ளளவுள்ள சமுத்திரம் ஒன்றை ஸ்தாபித்தார் என்பதும், அதில் மீன் விடுவதற்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற கேள்வி அவ்வீட்டில் சம்பந்திச் சண்டைக்கு நிகரான விவாதத்தைக் கிளப்பிற்று என்பதுமே இவ்வாராய்ச்சிக்கு நிமித்தம்.

முதற்கண் ஜலத்தின் குலம் கோத்திரம் அறிய வேண்டும். இயற்கையான கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் புளோரைடு உண்டு. குடிநீரில் அதிகபட்சம் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். அந்த எல்லையையும் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் தருமபுரி மாவட்டத்தில் பல. ஆகவே புளோரைடு என்ற ஒரே அம்சத்தைக் கொண்டு நோக்கினால் எங்கள் ஊர்க் கிணறு சமுத்திர ராஜனுக்குப் பங்காளி முறை ஆகிறது என்று மைத்துனர் சாதித்தார். பல்லில் காவி படிந்தும் எலும்பு நொந்தும் அந்தப் பங்காளியிடம் அவதிப்பட்ட கிராமங்களுக்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் காவிரியைக் கொண்டுவந்தது. அது பரிகாசத்துக்குரிய விஷயமன்று, இத்துடன் விடுகிறேன். எங்கள் சமுத்திரத்துக்குக் கிணறும் ஆகவில்லை, குளோரின் கலந்த குழாயும் ஆகவில்லை. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம், பெங்களூரிலிருந்து பேருந்தில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த ஏழு கிலோ செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 என்று மானி காட்டியவுடன் தேங்காய் உடைத்தோம்.

“தொட்டி சைக்கிள் ஆகணும்” என்பது இத்தொழிலில் உள்ளோர் வாய்மொழி. “மீனுக்கு எதுக்குடா சைக்கிள்?” என்று மாமனார் கேட்டது நியாயமே, அவருக்குப் புரியும்படி நான் சொன்னது, தொட்டி உறைய வேண்டும் என்பது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது; அது விஷம். ஒரு வகை நுண்ணுயிர் அதை உண்டு நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை உண்டு, பெரிய தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இவ்விரு கூட்டத்தாரும் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகும் காலமே நாம் விசாரிக்கும் காலம். தயிர்க் கிருமி இரவு படுக்குமுன் இட்டால் விடிவதற்குள் வேலையை முடித்துவிடும். இவையோ ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் மகா நிதானிகள். 1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயின் வழியே சாக்கடை நீரைச் செலுத்தியபோது, இருபது நாள் ஒன்றும் நிகழாமல் இருந்து, அதன் பிறகே அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கிற்று. குளோரோபாரம் ஆவியைக் காட்டியதும் அது நின்றுபோகவே, உள்ளே வேலை செய்வது உயிர்கள்தாம் என்று துணிந்தார்கள். அந்த இருபது நாளும் அவர்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதைச் சரித்திரம் பதிவு செய்யாதது பெரிய நஷ்டம்.

பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்துப் புதியதில் இட்டால் காலம் குறுகும். இது உறைமோர் வாங்குவதற்கு ஒப்பானது. 1909-இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சிசாலை அமைத்தவர்களுக்கு வாசலிலேயே கடல் இருந்தது. தருமபுரியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி நாங்கள் உறை கேட்பது? மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப் பாறையைப் பெயர்த்து வரலாமே என்று யோசனை சொன்ன உறவினருக்கு, பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது என்பதை எடுத்துரைத்து, காய்ந்த கல்லையே அடுக்கினோம்.

கால அளவைக் குறித்துப் பட்சங்கள் பல. புட்டித் திரவத்தை ஊற்றி மறுநாளே மீன் விடலாம் என்பது விற்பனையாளர் மதம். அது தன் சரக்கைத் தானே பிரமாணமாகக் கொள்வதால் தள்ளுபடி. நான்கு முதல் ஆறு வாரம் என்பது நூலோர் மதம். என் அத்தையோ, கும்பாபிஷேகம் ஆன கோயிலுக்கே மண்டலம் 48 நாள் உண்டு, தொட்டிக்கு மட்டும் இல்லாமற்போகுமா என்றார். 42-க்கும் 48-க்கும் ஆறு நாளே அந்தரம் என்பதால், ஆகமம் வகுத்தவர்கள் அம்மோனியாவை அறிந்திருந்தார்கள் என்று நிறுவ எவரேனும் புறப்படக்கூடும்; அவரை இப்போதே மறுத்து வைக்கிறேன்.

நுண்ணுயிர்க்கும் இரை வேண்டும். அதற்காக மலிவான டாம்சல் மீனை முதலில் விட்டு, அது அம்மோனியாவில் துடிப்பதைப் பார்த்திருப்பது ஒரு பழைய சம்பிரதாயம். இதை வன்மையாகக் கண்டிக்கிறேன். நாங்கள் ஓர் இறாலை இட்டு அழுக விட்டோம். “குழம்புக்குக் கேட்டா வெலை ஏறிப்போச்சுன்னாரு, அழுகப் போட மட்டும் வாங்கிட்டு வந்துட்டாரு, பாருங்கண்ணா” என்று மைத்துனர் மனைவி என்னிடம் முறையிட்டதற்கு மறுமொழி எந்த நூலிலும் இல்லை.

பிறகு தினந்தோறும் சாயங்காலம் பரீட்சை. சிறு கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி நீரெடுத்து, துளி எண்ணி விட்டு, மூடிக் குலுக்கி, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாயிருந்தால் அம்மோனியா இல்லை, பச்சையேறினால் உண்டு. நான்காம் நாள் இளம்பச்சை. பத்தாம் நாள் முருங்கையிலைப் பச்சை. எதிர்வீட்டு அம்மாள் வந்து, “மீனே இல்லாத தொட்டிக்கு வெளக்கு எதுக்குங்க தம்பி?” என்று கேட்டுப் போனார். பதினைந்தாம் நாள் பச்சை வெளிறி, நைட்ரைட் குழாய் நீலம் மாறிக் கத்தரிப்பூ நிறம் கொண்டது. மணலில் பழுப்புப் பாசி படர்ந்தது. “நீமோ எப்ப மாமா வரும்?” என்று மைத்துனர் மகள் கேட்கும்போதெல்லாம், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானின் ஊர் இது, கையில் கிடைத்ததும் வாயில் போட்டுக்கொள்ளாதவர்கள் நாம் என்று ஆறுதல் சொன்னேன், அவள் அதியமானை லட்சியம் செய்யவில்லை.

முப்பத்தேழாம் நாள் இரு குழாய்களும் தெளிந்தன. அப்போதும் நம்பாமல், அளந்து கொஞ்சம் அம்மோனியாவை விட்டு மறுநாள் பார்த்தோம். அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. இதுவே சித்தாந்தம்: இட்ட அம்மோனியா ஒரு நாளைக்குள் சுவடின்றி மறையும் நாளே தொட்டி உறைந்த நாள், அது இருபத்தெட்டிலும் வரும், அறுபதிலும் வரும். பாதி நீரை மாற்றிவிட்டு, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இரண்டை மட்டும் விட்டோம். அத்தைக்காக நாற்பத்தெட்டாம் நாள் சர்க்கரைப் பொங்கலும் நடந்தது.

இம்மாவட்டத்தில் இனிக் கடல் தொட்டி வைக்க எண்ணுவோர் எங்கள் வீட்டுக்குப் பாத்திரத்துடன் வந்தால் ஒரு பிடி மணல் உறைக்குத் தருவோம். உப்பும் உறையும் விளக்கு வைத்த பிறகு வெளியே கொடுப்பதில்லை என்பது அத்தையின் கட்டளை, பொழுதோடு வரவும்.