21 சீட்டு வித்தையும் பார்வையாளர் சுதந்திரமும்: ஓர் ஆய்வு

கல்யாண மண்டபத்தில் முதல் நாள் இரவு ரம்மிக் கூட்டம் கலைந்ததும், யாராவது ஒரு சித்தப்பா கட்டிலிருந்து 21 சீட்டுகளை எண்ணி எடுத்து, “ஒண்ணை மனசுல நெனச்சுக்கோ, வெளியே சொல்லாதே” என்பார். சீட்டுகளை முகம் தெரிய ஒவ்வொன்றாக மூன்று அடுக்கில் சுற்றிப் போடுவார். நினைத்த சீட்டு எந்த அடுக்கில் கிடக்கிறது என்று மட்டும் கேட்டு, அந்த அடுக்கை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்துச் சேர்ப்பார். இப்படி மூன்று முறை. பிறகு 11ஆவது சீட்டைப் புரட்டினால், நினைத்த அதே ஆர்ட்டின் ராணி. இந்த வித்தையில் சித்தப்பா எதையும் கண்டுபிடிப்பதில்லை, பார்வையாளரே தன் ரகசியத்தை மூன்று தவணையில் ஒப்படைத்துவிட்டு “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று வாய் பிளக்கிறார் என்பதே இவ்வாய்வின் துணிபு.

சான்றுகள் வருமாறு. முதல் பதிலிலேயே 21 சீட்டு 7 ஆகிவிடுகிறது. அந்த ஏழும் நடு அடுக்காகச் சேர்வதால் 8 முதல் 14 வரையுள்ள இடங்களில் உட்காருகின்றன. மறுபடி சுற்றிப் போடும்போது அவை மூன்று அடுக்குகளுக்கும் பிரிந்துபோகும். எந்த அடுக்கிலும் மூன்றுக்கு மேல் விழாது. ஆகவே இரண்டாம் பதிலுக்குப் பின் சந்தேகத்துக்குரியவை அதிகம் போனால் 3. அவை 10, 11, 12ஆம் இடங்களுக்குள் அடங்கும். மூன்றாம் சுற்றில் இவை ஆளுக்கொரு அடுக்கில், அதுவும் சரியாக நாலாவதாக விழுகின்றன. மூன்றாம் பதில் வந்ததும் மிஞ்சுவது ஒன்றே. 21க்கு 11 நட்டநடு என்பதால், மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் அதே சீட்டுதான். எந்தத் தெரு, எந்தச் சந்து, எத்தனையாவது வீடு என்று விசாரித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுபவரை யாரும் தீர்க்கதரிசி என்பதில்லை. சீட்டைக் கையில் பிடித்தவருக்கு மட்டும் அந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் பார்வையாளரின் சுதந்திரம் வெறும் பாவனைதானே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இல்லை. மேடை வித்தைகள் பலவற்றில் “எதை வேண்டுமானாலும் எடுங்கள்” என்பது பேச்சளவில்தான். எடுக்கவேண்டிய சீட்டு முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டு, தானாக எடுத்ததுபோல அவர் கையில் திணிக்கப்படும். இங்கே 21இல் எதை நினைத்தாலும் சித்தப்பாவுக்குக் கவலையில்லை. சீட்டின் முகத்தைக்கூட அவர் பார்க்க வேண்டியதில்லை. தேர்வு முழுச் சுதந்திரமானது. அந்தச் சுதந்திரத்தால் முடிவில் ஒரு மாற்றமும் நேராது என்பது வேறு விஷயம். இதைக் குறை என்போர், தேர்தல் அரசியல் பக்கம் திரும்பாமல் ஆய்வின் எல்லைக்குள் நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

குழந்தைகூடச் செய்துவிடும், இதில் என்ன பெருமை என்பது அடுத்த ஆட்சேபம். பிரெஞ்சுக் கணிதர் ஜெர்கோன் தாமே நடத்திய கணித இதழில் 1813-14இல் இந்த அடுக்கு வித்தையை ஆராய்ந்து எழுதினார். 27 சீட்டை வைத்துக்கொண்டால் விஷயம் இன்னும் சுவையானது. மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில். மூன்றை மூன்று தடவை பெருக்கினால் சரியாக 27. ஒரு பதில்கூட வீணாவதில்லை. ஒவ்வொரு முறையும் அடுக்கை மேலே, நடுவில், கீழே என்று மாற்றி வைப்பதன் மூலம், சீட்டோடு அது வரவேண்டிய இடத்தையும் பார்வையாளரே தேர்ந்தெடுக்க விடலாம். நடுவிலேயே வைத்து வந்தால் 14ஆவது. சுதந்திரம் கூடக் கூட வித்தை பலப்படுகிறது. அப்போதும் சித்தப்பாவின் வேலை அடுக்குகளைச் சேர்ப்பதுதான்.

நிற்கும் ஆட்சேபம் ஒன்றுதான்: நேரம். 21 சீட்டை மூன்று முறை போட்டால் மொத்தம் 63. இடையில் பார்வையாளர் கொட்டாவி விட்டு அடுக்கை மாற்றிச் சொன்னால் வித்தை அங்கேயே படுத்துவிடும்; பழி மட்டும் சித்தப்பா மேல் விழும். ஆக, சுதந்திரத்துக்கு முழு மதிப்பெண், எளிமைக்கும் முழு மதிப்பெண், வேகத்துக்கு ஜஸ்ட் பாஸ். செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: 11 வரை எண்ணும்போது உதடு அசையக் கூடாது.