கோயில் மேலே ஒரு துரை

கேள்வி: தமிழ் பேசும் ஆங்கில மாயாஜாலப் படங்களைப் பார்த்துப் பார்த்து, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் முனியாண்டியின் கையில் அரிவாளுக்குப் பதிலாகத் 'தோர்' சுத்தியலை வரைகிறார்கள், ஐயா. நாளைக்கு ஸ்பைடர்மேன் கோயில் மேலேயே ஏறிவிட்டால்?
*– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்*

பதில்: ஏறட்டுமே, அம்மணி; துணைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு துரை நிற்கிறார்! பத்து காஜா அருகே, 1926-இல் லிஸ்பனில் காலமான தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமல் விட்டுப்போன மாளிகைக்குச் சற்றுத் தள்ளி, கொள்ளைநோயில் சகாக்களைப் பறிகொடுத்துக் கலங்கிய தமிழ்த் தொழிலாளர்களின் பிரார்த்தனைக்கு இணங்கி அவர் எழுப்பித் தந்த மாரியம்மன் ஆலயத்தின் மேலே, தெய்வங்களோடு சரிசமமாக, கோட்டும் தொப்பியுமாய் அவருடைய பிரதிமையும் ஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது. ஸ்பைடர்மேனும் முதலில் ஒரு கோயில் கட்டித் தரட்டும்; பிறகு ஏறட்டும்.

கேள்வி: டப்பிங் குரலுக்கு ஜீவன் உண்டா?
*– ஒரு வாசகர், ஈப்போ*

பதில்: ஜீவன் மட்டுமா, வயதும் உண்டு! 1994-ஆம் வருஷத்து 'லயன் கிங்'கின் தமிழ் வடிவில் அண்ணன் மகன் சிம்பாவாகப் பேசிய அரவிந்த்சாமி, 2019-இல் வந்த புதிய படத்தில் ராஜ்யத்தை அபகரிக்கும் சித்தப்பா ஸ்காருக்குக் குரல் கொடுத்தார். நிலபுலன் உள்ள நம் குடும்பங்களில் இந்தப் பரிணாமத்துக்கு இத்தனை வருஷம் பிடிப்பதில்லை.